சொந்தமாக ஒரு செஸ் எஞ்சின்: எதை முதலில் எழுதுவது, சரியா என்று எப்படிப் பார்ப்பது

செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் புரோகிராம், எழுத உட்காருகிறவருக்கு முதலில் சொல்லவேண்டியது, இதில் பிழை சத்தம் போடாது என்பதுதான். வேறு எதையாவது எழுதினால் புரோகிராம் நின்றுபோகும், இல்லை தப்பான விடை வந்து கண்ணில் குத்தும். இங்கே தேடலில், அதாவது நகர்த்தல்களை முன்னோக்கி ஆடிப் பார்க்கும் பகுதியில், ஒரு வரி தப்பாக இருந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஆடிக்கொண்டேதான் இருக்கும். கொஞ்சம் மோசமாக ஆடும், அவ்வளவுதான். நாமும் "இன்னும் நிறைய சேர்க்க வேண்டியிருக்கிறது போல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த ஓட்டைப் பானையிலேயே மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருப்போம். அதனால் இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் எதை எழுதுவது என்பதோடு, எழுதியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் சொல்கிறேன். இரண்டாவதைத் தாண்டிக் குதித்தவர்கள் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறார்கள், அதில் நானும் உண்டு.

நல்ல ஆட்டக்காரராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, விதிகள் முழுதாகத் தெரிந்தால் போதும். எந்த மொழி என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் கைக்குப் பழகிய மொழி. சி, சி++, ரஸ்ட் மூன்றும் வேகம். பைத்தானில் எழுதினால் அதே நேரத்தில் சில ப்ளை குறைவாகத்தான் பார்க்க முடியும், ஆனால் கற்றுக்கொள்ள அது தடையே இல்லை. ப்ளை என்பது ஒரு பக்கம் ஆடும் ஒரு நகர்த்தல். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று ஆடினால் இரண்டு ப்ளை. இடம் போதாது என்ற கவலையும் வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் டேவிட் ஹார்ன் என்பவர் இசட்எக்ஸ்81 கணினிக்கு 672 பைட்டில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். காஸ்லிங் கிடையாது, ஆன் பாஸான் கிடையாது, ஆனாலும் ஆடியது.

பலகையும் நகர்த்தல்களும்

பலகையை நினைவகத்தில் எப்படி வைப்பது என்பதிலேயே பலர் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். 64 கட்டங்களையும் ஒரே எண்ணின் பிட்டுகளாக வைக்கும் மேஜிக் பிட்போர்டு வேகமானது, மறுக்கவில்லை, ஆனால் முதல் எஞ்சினுக்கு 120 கட்டப் பலகை போதும். எட்டுக்கு எட்டுப் பலகையைச் சுற்றி வேலி போட்ட மாதிரி 12 நிரை, 10 நிரல். இப்படி வைத்தால் குதிரையின் எட்டுத் தாவல்களும் வெறும் கூட்டல் கணக்காகிவிடும்: 8, 12, 19, 21, அப்புறம் இவற்றின் எதிர்ம எண்கள். போய் விழும் கட்டத்தில் வேலி இருந்தால் அந்த நகர்த்தல் கிடையாது. குதிரை ஒரே தாவலில் இரண்டு நிரை தாண்டும் என்பதால் மேலும் கீழும் இரண்டிரண்டு நிரை வேலி. பக்கவாட்டில் ஒவ்வொரு நிரல் போதும், ஏனென்றால் வலது வேலியையும் தாண்டிவிட்டால் அடுத்த நிரையின் இடது வேலியில்தான் போய் விழ வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ராஜாவுக்கு ஆபத்தா என்று முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள். எல்லா நகர்த்தல்களையும் எடுங்கள், ஒவ்வொன்றையும் ஆடிப் பாருங்கள், ஆடியபின் சொந்த ராஜா அடிபடும் இடத்தில் இருந்தால் திரும்ப எடுத்துவிடுங்கள். மெதுவான வழிதான், ஆனால் பிழைக்கு இடம் குறைவு.

இப்போது பெர்ஃப்ட். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது. ஒரு நிலையிலிருந்து இத்தனை ப்ளை ஆழத்துக்கு எத்தனை விதமாக ஆடலாம் என்று எண்ணிப் பார்ப்பதுதான் பெர்ஃப்ட். தொடக்க நிலைக்கு 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று வரவேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை. இந்த ஐந்தும் சரியாக வந்தவுடன் துள்ளிக் குதிக்காதீர்கள். தொடக்க நிலையிலிருந்து ஆறு ப்ளை வரை போனாலும் ஒரு காஸ்லிங்கூட நடக்க வழியில்லை. வெள்ளை மிக வேகமாகக் காஸ்லிங் செய்தாலும் அது ஏழாவது ப்ளைதான். ஆக உங்கள் காஸ்லிங் முழுக்கத் தப்பாக இருந்தாலும் இந்த எண்கள் பளிச்சென்று சரியாக வரும். அதனால்தான் கிவிபீட் என்று பெயர் வைத்த நிலையையும் ஓட்டச் சொல்வார்கள். அதில் 48, 2,039, 97,862, 40,85,603 வரவேண்டும். இருக்கிற விசேஷ விதிகள் எல்லாம் நாலு ப்ளைக்குள் வந்து மோதும்.

எண் ஒத்துவராவிட்டால் மொத்தத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், முதல் நகர்த்தல் வாரியாகப் பிரித்து அச்சிடுங்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல எஞ்சினிடம் இதே பெர்ஃப்டைக் கேட்டால் அதுவும் நகர்த்தல் வாரியாகத் தரும். எந்த நகர்த்தலில் வித்தியாசமோ அதை ஆடி, ஆழத்தை ஒன்று குறைத்து மறுபடி ஒப்பிடுங்கள். நாலைந்து சுற்றில் பிழை கையில் சிக்கிவிடும்.

என்னை ஒரு வாரம் தூங்கவிடாத பிழையைச் சொல்கிறேன். வெள்ளை ராஜா ஏ5இல், அதன் பக்கத்தில் பி5இல் வெள்ளைச் சிப்பாய், அதே நிரையின் மறுகோடி எச்5இல் கறுப்பு யானை. கறுப்பு தன் சி7 சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி சி5இல் வைக்கிறது. பி5 சிப்பாய் அதை ஆன் பாஸானில் வெட்டலாமா? வெட்டினால் பி5 சிப்பாயும் கிளம்பிவிடும், வெட்டுப்பட்ட சி5 சிப்பாயும் போய்விடும், ஒரே நகர்த்தலில் ஐந்தாம் நிரை முழுக்கக் காலியாகி யானை நேராக ராஜாவைப் பார்க்கும். கட்டுண்ட காய் (நகர்ந்தால் சொந்த ராஜா அடிபடும் காய்) எது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவைக்கும் புத்திசாலித்தனமான புரோகிராம்கள் எல்லாம் இங்கே ஏமாறும், ஏனென்றால் இரண்டு சிப்பாயில் எதுவும் தனியாகக் கட்டுண்டதில்லை. ஆடிப் பார்த்துத் திரும்ப எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மதிப்பீடு, அப்புறம் ஒரு முகம்

மதிப்பீட்டை, அதாவது ஒரு நிலை யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எண்ணாகச் சொல்லும் பகுதியை, இப்போதைக்குச் சின்னதாக வையுங்கள். போலந்தைச் சேர்ந்த டோமாஷ் மிஹ்னியெவ்ஸ்கி கொடுத்த எளிய கணக்கு பலருக்கும் முதல் படி: சிப்பாய் 100, குதிரை 320, பிஷப் 330, யானை 500, ராணி 900. குதிரைக்கு 300 என்று வைக்காமல் 320 வைத்ததில் விஷயம் இருக்கிறது. மூன்று சிப்பாய்க்கு ஒரு குதிரையை எஞ்சின் தூக்கிக் கொடுத்துவிடாது. இதோடு எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எத்தனை கூடும், குறையும் என்று ஒவ்வொரு காய்க்கும் 64 எண் கொண்ட ஓர் அட்டவணை. சோதிக்க ஒரு வழி: பலகையைத் தலைகீழாகத் திருப்பி, நிறங்களையும் ஆட வேண்டிய பக்கத்தையும் மாற்றிப் பாருங்கள், அதே மதிப்பெண் வரவேண்டும். வராவிட்டால் அட்டவணையைக் கறுப்புக்குத் திருப்பிப் படிப்பதில் கோளாறு. ஸ்டாக்ஃபிஷ் 2020இலிருந்து நரம்பு வலைப்பின்னலை வைத்து மதிப்பிடுகிறது, அந்தப் பக்கம் பிறகு போகலாம்.

தேடலுக்குப் போகுமுன் யூசிஐ நெறிமுறையை எழுதிவிடுங்கள். அரை நாள் வேலை. பலகை காட்டும் மென்பொருள் வரி வரியாகக் கட்டளை அனுப்பும், நீங்கள் வரியாகப் பதில் சொல்ல வேண்டும். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்றுதான்: பதிலை எழுதிவிட்டு இடையகத்திலிருந்து வெளியே தள்ளாமல் விடுவது. எஞ்சின் சொல்லிவிட்டதாக நினைத்துக் காத்திருக்கும், மென்பொருள் இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கும். வருவதும் போவதும் எல்லாம் ஒரு கோப்பில் பதிவாகட்டும், பின்னால் அது கைகொடுக்கும்.

தேடல்

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்தது. நான் ஆடுவேன், அவர் எனக்கு மிக மோசமானதைத் தேர்ந்தெடுப்பார், அதில் நான் எனக்கு நல்லதைத் தேர்ந்தெடுப்பேன். இது மினிமேக்ஸ். எனக்கு லாபம் எதிராளிக்கு நஷ்டம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதாமல், கீழிருந்து வரும் மதிப்பெண்ணின் குறியை மாற்றி ஒரே செயற்கூறில் முடித்துவிடலாம், அது நெகாமேக்ஸ். மதிப்பீடு எப்போதும் ஆட வேண்டியவரின் பார்வையில் இருக்க வேண்டும் என்பதை மறந்தால் எஞ்சின் தற்கொலை செய்துகொள்ள ஆரம்பிக்கும். இது ஒன்றுதான் சத்தம் போடும் பிழை, அதனால் பயமில்லை.

ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல் என்று வைத்தால் நாலு ப்ளைக்கு 15 லட்சம் நிலை, ஆறு ப்ளைக்கு 180 கோடிக்கு மேல். இங்கேதான் ஆல்ஃபா-பீட்டா வருகிறது. ஒரு நகர்த்தலை ஆடினால் 50 புள்ளி லாபம் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அடுத்ததைப் பார்க்கிறீர்கள். எதிராளியின் முதல் பதிலிலேயே உங்கள் குதிரை போகிறது. அவரிடம் அதைவிட நல்ல பதில் இருக்கிறதா என்று மீதி 34ஐயும் பார்ப்பீர்களா? எதற்கு, இந்த நகர்த்தல் ஏற்கெனவே தோற்றுவிட்டது. கிளையை அங்கேயே கவாத்து செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இதில் எந்த யூகமும் இல்லை. முழு மினிமேக்ஸ் தரும் அதே மதிப்பெண்தான் வரும். சோதனையும் இதிலேயே இருக்கிறது: பழைய நெகாமேக்ஸை அழிக்காமல் வைத்து, நூறு நிலைகளில் இரண்டையும் ஒரே ஆழத்துக்கு ஓட்டுங்கள். மதிப்பெண் ஒன்றாகவும், பார்த்த நிலைகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒரு நிலையில் மதிப்பெண் மாறினாலும் ஆல்ஃபா-பீட்டா தப்பு.

எவ்வளவு குறையும் என்பது வரிசையைப் பொறுத்தது. ஒவ்வொரு நிலையிலும் மிக நல்ல நகர்த்தலை முதலிலேயே பார்த்துவிட்டால் அந்த 15 லட்சம் வெறும் 2,449 ஆகும், ஆறு ப்ளைக்கான 180 கோடி 85,749 ஆகும். மோசமானவற்றை முதலில் பார்த்தால் லாபமே கிடையாது. எந்த நகர்த்தல் நல்லது என்று தெரிந்துகொள்ளத்தானே தேடுகிறோம், அதை முதலிலேயே எப்படித் தெரிந்துகொள்வது என்றால், யூகம்தான். நிறைய நேரம் சரியாக இருக்கும் மலிவான யூகம். என்னைக் கேட்டால் எஞ்சினின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நகர்த்தல் எடுக்கும் புரோகிராம் பகுதியை இரட்டை வேகமாக்க ஒரு மாதம் மெனக்கெட்டாலும், வேகம் இரண்டு மடங்கு ஆனதற்கு இந்தக் கட்டத்தில் முழுதாக ஒரு ப்ளைகூட ஆழம் கூடாது. வரிசையைச் சரிசெய்ய ஒரு மாலை போதும், இரண்டு மூன்று ப்ளை கூடும்.

முதலில் வெட்டுகள், அதிலும் பெரிய காயைச் சின்னக் காயால் வெட்டுவது முன்னால்: சிப்பாய் ராணியை வெட்டுவது தலையில், ராணி சிப்பாயை வெட்டுவது கடைசியில். அடுத்து கில்லர் நகர்த்தல்கள். அதாவது மரத்தில் இதே உயரத்தில் பக்கத்துக் கிளையில் கவாத்தைக் கொண்டுவந்த, வெட்டு அல்லாத நகர்த்தல். எதிராளி அங்கே எதை ஆடினாலும் ஒரே பதில் பல இடங்களில் வேலை செய்யும் என்பதால் இது பலிக்கிறது. உயரத்துக்கு இரண்டு நினைவில் வைத்தால் போதும். மிச்சத்தை ஹிஸ்டரி அட்டவணை வரிசைப்படுத்தும். எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போனபோதெல்லாம் கவாத்து நடந்ததோ அதற்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். ஜொனதன் ஷேஃபர் 1980களில் கொடுத்த யோசனை, இன்றைக்கும் யாரும் கைவிடவில்லை.

வரிசை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எண்ணைக் கவனியுங்கள்: கவாத்து நடந்த இடங்களில் எத்தனை சதவீதம் முதல் நகர்த்தலிலேயே நடந்தது? 90 பக்கம் வந்தால் நன்றாக இருக்கிறது. 70 என்றால் எங்கேயோ வரிசை தலைகீழாக இருக்கிறது, அநேகமாக இறங்குவரிசைக்குப் பதில் ஏறுவரிசை.

அமைதியாகும் வரை நிறுத்தாதே

தேடல் நாலாவது ப்ளையில் நிற்கிறது, அந்தக் கடைசி நகர்த்தலில் உங்கள் ராணி காவலுள்ள ஒரு சிப்பாயை வெட்டுகிறது. மதிப்பீடு "100 புள்ளி லாபம்" என்று சிரிக்கும். ஐந்தாவது ப்ளையில் ராணி போவது அதற்குத் தெரியாது. ஆழத்தைக் கூட்டினாலும் இந்தக் கூத்து அடுத்த ப்ளைக்குத் தள்ளிப்போகுமே தவிர ஒழியாது. ஆகவே ஆழம் தீர்ந்ததும் மதிப்பிடாமல், வெட்டுகளை மட்டும் தொடர்ந்து ஆடிப் பார்த்து, வெட்ட ஒன்றும் இல்லாத அமைதியான நிலையில் மதிப்பிட வேண்டும். யாரும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதனால் "இப்படியே விட்டுவிடுகிறேன்" என்ற மதிப்பெண்ணை முதலில் எடுத்துக்கொண்டு, அதைவிட நல்ல வெட்டு இருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். செக்கில் இருக்கும்போது இந்தச் சலுகை கிடையாது, அப்போது எல்லா நகர்த்தல்களையும் பார்க்க வேண்டும். ஆலன் டூரிங் 1952இல் கணினியே இல்லாமல், காகிதத்தில் கையால் கணக்குப் போட்டு அலிக் கிளெனியோடு ஓர் ஆட்டம் ஆடினார், ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம் ஆயிற்றாம். அந்தக் காகித எஞ்சினிலேயே வெட்டுகளைத் தொடர்ந்து பார்க்கும் விதி இருந்தது. ஆட்டம் தோல்விதான், அது வேறு விஷயம்.

ஒன்றிலிருந்து தொடங்கி ஆழம் கூட்டுவது

நேரடியாக எட்டு ப்ளை தேடாமல் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வீண் வேலை மாதிரி தோன்றும். ஆனால் ஒவ்வொரு ப்ளையும் முந்தையதைப் போல பல மடங்கு என்பதால், முன்னாலுள்ளவை எல்லாம் சேர்ந்தாலும் கடைசி ஒன்றில் ஒரு பங்குதான். பதிலுக்கு இரண்டு லாபம். நேரம் எப்போது முடிந்தாலும் கையில் ஒரு பதில் இருக்கும். அப்புறம் போன சுற்றில் கண்ட சிறந்த நகர்த்தலை இந்தச் சுற்றில் முதலில் பார்க்கலாம். பாதியில் நேரம் முடிந்தால் அந்த அரைகுறைச் சுற்றின் மதிப்பெண்ணை நம்பாதீர்கள், முழுதாக முடிந்த சுற்றின் நகர்த்தலை ஆடுங்கள்.

ஹேஷ் அட்டவணை

ஒரே நிலைக்குப் பல வழிகளில் வரலாம். ஒருமுறை பார்த்ததை மறுபடி பார்க்காமலிருக்க அதன் முடிவைக் குறித்துவைக்கும் அட்டவணைதான் ஹேஷ் அட்டவணை, அதில் தேடி எடுக்க ஒவ்வொரு நிலைக்கும் ஒரு 64 பிட் எண் வேண்டும். ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970இல் சொன்ன முறை: ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தற்போக்கு எண், ஆட வேண்டிய பக்கத்துக்கு ஒன்று, காஸ்லிங் உரிமைக்கு நாலு, ஆன் பாஸான் நிரலுக்கு எட்டு, மொத்தம் 781. எல்லாவற்றையும் எக்ஸார் செய்தால் நிலையின் எண். காய் நகரும்போது இரண்டு எக்ஸாரில் புதுப்பித்துவிடலாம். சோதிக்கும்போது மட்டும் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் எண்ணை முதலிலிருந்து கணக்கிட்டு ஒப்பிடுங்கள். காஸ்லிங்கில் யானைக்கு எக்ஸார் செய்ய மறந்தது அப்போதுதான் வெளியே வரும்.

அட்டவணையில் மதிப்பெண்ணோடு ஆழம், சிறந்த நகர்த்தல், அப்புறம் அந்த மதிப்பெண் சரியானதா, குறைந்தபட்சமா, அதிகபட்சமா என்ற குறிப்பும் வேண்டும். கவாத்து நடந்த இடத்தில் நமக்குத் தெரிவது "குறைந்தது இவ்வளவு" மட்டும்தான். அதைச் சரியான மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டால், சத்தமில்லாத பிழைகளின் ராஜாவை வீட்டுக்குள் விட்டது மாதிரி.

என் எஞ்சின் ஒரு தடவை ராஜாவும் யானையும் வைத்துத் தனி ராஜாவை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. திரையில் "மூன்றில் மேட்". ஒரு நகர்த்தல் ஆடியது, மறுபடியும் மூன்றில் மேட். யானை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இன்னும் மூன்றில் மேட். ஐம்பது நகர்த்தல் விதியில் ஆட்டம் டிரா. காரணம் எளிது. மேட்டின் மதிப்பெண்ணை, 30000இலிருந்து வேரிலிருந்து (தேடல் தொடங்கும் நிலையிலிருந்து) உள்ள தூரத்தைக் கழித்து வைத்திருந்தேன், அதை அப்படியே அட்டவணையில் போட்டுவிட்டேன். அடுத்த நகர்த்தலுக்கு வேர் மாறுகிறது, அட்டவணையிலுள்ள தூரம் மாறவில்லை. அட்டவணையில் போடும்போது அந்த நிலையிலிருந்து மேட்டுக்கு உள்ள தூரமாக மாற்றிப் போட்டு, எடுக்கும்போது திருப்பிக் கூட்டிக் கழிக்க வேண்டும். இரண்டு வரி.

அட்டவணை உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க எஞ்சின்காரர்கள் ஃபைன் 70 என்று சொல்லும் நிலை இருக்கிறது. வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆட வேண்டும். சிப்பாய்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்க, ராஜாக்கள் மட்டும் நடக்கும், அதனால் ஒரே நிலைகள் திரும்பத் திரும்ப வரும். விடை ராஜா பி1. அட்டவணை சரியாக இருந்தால் ஆழம் 20ஐத் தாண்டிச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், இல்லாவிட்டால் திணறும்.

துணிந்து கழிப்பது

இதுவரை செய்ததெல்லாம் நஷ்டமில்லாத வேலை. இனி சூதாட்டம். நல் மூவ் (null move, வெற்று நகர்த்தல்) என்பது, நம் முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுத்துப் பார்ப்பது. அப்படியும் நம் நிலை பீட்டாவுக்கு (எதிராளி இதற்கு மேல் நம்மை விடமாட்டார் என்ற எல்லைக்கு) மேலேயே இருந்தால், நிஜமாக ஆடினால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும் என்று கிளையை விட்டுவிடலாம். இரண்டு மூன்று ப்ளை குறைத்துத் தேடினால் போதும். செக்கில் இருக்கும்போது செய்யக்கூடாது, அடுத்தடுத்து இரண்டு முறை செய்யக்கூடாது, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் செய்யவே கூடாது. அங்கே ஆடாமல் இருப்பதுதான் நல்லது, ஆட வேண்டியிருப்பதாலேயே தோற்கிறோம் என்கிற ஸுக்ஸ்வாங் நிலைகள் நிறைய. ஃபைன் 70ஐ நல் மூவோடு ஓட்டிப் பாருங்கள், உங்கள் காவல் நிபந்தனை சரியா என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

வரிசையில் பின்னால் நிற்கும் அமைதியான நகர்த்தல்களை ஒரு ப்ளை குறைத்துப் பார்ப்பது இன்னொன்று. எதிர்பாராமல் மதிப்பெண் ஆல்ஃபாவை (நமக்கு ஏற்கெனவே உறுதியான மதிப்பெண்ணை) தாண்டினால் முழு ஆழத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வரிசை மோசமாக இருந்தால் நல்ல நகர்த்தல்களையே குறைத்துப் பார்ப்பதாக முடியும். அந்த 90 சதவீதம் வராமல் இதைத் தொடாதீர்கள்.

கூடிற்றா குறைந்ததா

இனி பெர்ஃப்ட் மாதிரி ஒரே விடை உள்ள சோதனை கிடையாது. புதிய எஞ்சினைப் பழைய எஞ்சினோடு மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும், கியூட்செஸ் மாதிரி மென்பொருள் ஆளில்லாமல் ஆட்டங்களை நடத்தும். 20 ஆட்டத்தில் 12 வென்றது என்று சந்தோஷப்படாதீர்கள். 100 ஆட்டம் ஆடினாலும் பிழை எல்லை இரண்டு பக்கமும் சுமார் 50, 60 ஈலோ (ஆட்டத் திறனை அளக்கும்) புள்ளி இருக்கும், 1,000 ஆடினால் 20 பக்கம் வரும். ஒரே தொடக்கத்திலிருந்து ஆடவிட்டால் இரண்டும் அதே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடலாம், அதனால் சில நூறு வெவ்வேறு தொடக்க நிலைகள் கொடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடவிடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு பக்கம் பத்து விநாடி போதும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்துப் போட்டு 5 புள்ளி கூடினால், ஒன்று 20 கூட்டி மற்றது 15 குறைத்ததா என்று தெரியவே தெரியாது.

மாற்றம் தேறினால், அந்த எஞ்சினை எண் போட்டுத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். அடுத்த மாற்றத்துக்கு எதிராளி அதுதான்.